வீட்டுக்கு மேலே ஹோட்டல்: தகவல் அறியும் உரிமை விண்ணப்பம் எவ்வளவு தூரம் உதவியது?

அப்புத்தளைப் பக்கம் எங்கள் வீடுகளுக்கு மேலே உள்ள சரிவில் மூன்று மாடி ஹோட்டல் வரப்போகிறது என்று தெரிந்ததும் ஊர் இரண்டுபட்டது. நான் அப்போது போட்டது தகவல் அறியும் உரிமை விண்ணப்பம். அரச அலுவலகங்களில் உள்ள ஆவணங்களைக் கேட்டு வாங்க இலங்கையின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் தந்த சேவை இது. வீட்டுப் பக்கத்தில் கட்டடம் எழும்பும் யாருக்கும் பயன்படும் என்பதால் என் அனுபவத்தை எழுதுகிறேன்.

கோயில் மண்டபத்தில் நடந்த முதல் கூட்டத்தில் வெறும் சத்தம்தான். “என் மகன் கொழும்பில் ஹோட்டல் வேலை செய்கிறான், இங்கேயே வேலை கிடைத்தால் வேண்டாம் என்பீர்களா?” என்று ஓர் அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. இந்தப் பக்கம் ஒரு பெரியவர் மீரியபெத்தை மண்சரிவைச் சொன்னார். 2014 ஒக்டோபர் 29 காலையில் அங்கே தோட்டத் தொழிலாளர் லயன் வீடுகளை மண் மூடியதை எங்கள் பகுதியில் யாரும் மறக்கவில்லை. அதற்கும் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் மேலே கட்டப்போவது என்ன, எந்த நிபந்தனையில் என்பது இரு தரப்புக்கும் தெரியாது.

இந்த விண்ணப்பங்களை ஏற்கும் தகவல் அலுவலரிடம் மூன்றைக் கேட்டேன்: கட்டட அனுமதி, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை, மழைநீர்க் கான் (வடிகால்) வரைபடம். விண்ணப்பிக்கக் காசு இல்லை. காரணமும் சொல்லத் தேவையில்லை. “எதற்கு?” என்று கேட்டார்கள்தான், சட்டத்தை எடுத்துக் காட்டியதும் வாங்கிக்கொண்டார்கள். பதிவுத் தபாலில் அனுப்பினால் இந்தப் பேச்சே வராது.

தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். எனக்கு அந்தக் காலம் தாண்டியும் பதில் வரவில்லை. அதற்குள் மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் வந்து சரிவை வெட்டத் தொடங்கிவிட்டது. இந்தச் சேவையின் பெரிய குறை இதுதான்: விண்ணப்பம் போட்டதால் வேலை நிற்காது. மேன்முறையீடு செய்யப் போகிறேன் என்று எழுத்தில் கொடுத்த பிறகுதான் நகல்கள் வந்தன. தமிழில் கேட்ட எனக்கு எல்லாம் சிங்களத்தில். நண்பரான சிங்கள ஆசிரியர் ஒருவர் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து வரிவரியாகச் சொல்லித் தந்தார். அப்படி ஒருவர் இல்லாத வீட்டில் அந்தக் கட்டு பிரிக்கப்படாமலே கிடந்திருக்கும்.

ஆனால் அதற்குள் இருந்தது விலைமதிப்பில்லாதது. அறிக்கை ஹோட்டலை மறுக்கவில்லை. ஒரே வெட்டாக உயரமாக வெட்டக்கூடாது, வெட்டிய இடத்துக்குத் தடுப்புச் சுவர் எழுப்பிய பின்பே அடுத்த வேலை, மழைநீரைச் சரிவில் விடாமல் சீமெந்துக் கான் வழியாக ஓடைக்குக் கொண்டுபோக வேண்டும், மலசலக்கூடக் குழி வீடுகளுக்கு நேர் மேலே வரக்கூடாது என்று தெளிவாக இருந்தது. மேலே போய்ப் பார்த்தால் வெட்டு இருந்தது, கான் இல்லை. 24 மணி நேரத்தில் 150 மில்லிமீற்றர் பெய்தால் வெளியேறச் சொல்லப்படும் மலையில் கானைக் கடைசி வேலையாக வைப்பதை நான் எப்படி ஏற்பேன்?

அடுத்த கூட்டத்தில் இதை வாசித்தோம். வேண்டும், வேண்டாம் என்ற பேச்சு அடங்கி, கான் எப்போது, சுவர் எப்போது என்று கேட்கத் தொடங்கினார்கள். முதலில் கான், பிறகு மாடி என்ற கடிதத்தில் அந்த அக்காவும் பெரியவரும் கையொப்பம் வைத்தார்கள். ஹோட்டல்காரர்களும் வந்து நாங்கள் சொன்னதைக் கேட்டார்கள். கான் வெட்டும் வேலை இப்போது நடக்கிறது.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஒன்றரை போனது தாமதத்துக்கும் மொழிக்கும். நீங்கள் போடுவதானால் அத்திவாரம் வெட்டும் வரை காத்திருக்காதீர்கள். நில அளவைக்காரர் வந்த உடனே போடுங்கள். ‘அனுமதி’ என்று மட்டும் கேட்டால் ஒரு தாள்தான் வரும், ‘இணைக்கப்பட்ட நிபந்தனைகளுடன்’ என்று எழுதுங்கள். நிபந்தனைகளைப் பார்க்க அதிகாரிகள் எப்போது வந்தார்கள், என்ன எழுதினார்கள் என்று கேட்டு இரண்டாவது விண்ணப்பமும் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.