பாலிமர் களிமண்ணில் பெயர் எழுத: அச்சா, பேனாவா?

பாலிமர் களிமண்ணில் (அவனில் சுட்டால் கெட்டியாகும் பிளாஸ்டிக் வகைக் களிமண்) செய்த சாவிக்கொத்தில் பெயர் எழுத எழுத்து அச்சு வாங்குவதா, அக்ரிலிக் பெயின்ட் பேனா போதுமா என்று குழம்புகிறவர்களுக்கு, இரண்டையும் பயன்படுத்திப் பார்த்துச் சொல்கிறேன்.

செலவு: பேனா மலிவு. அச்சு செட்டுக்கு முதலில் கூடுதல் பணம், ஆனால் தீர்ந்துபோகாது.

எளிமை: களிமண்ணைச் சுடுவதற்கு முன்பே அச்சைப் பதிக்க வேண்டும், சோள மாவை லேசாகத் தூவினால் ஒட்டாது, கோணலாகிவிட்டால் மறுபடி உருட்டிக்கொள்ளலாம். பேனாவால் சுட்டு ஆறிய பிறகு எழுத வேண்டும், பிழையானால் காய்வதற்குள் துடைத்துவிடுங்கள்.

நீடித்து உழைப்பது: இங்கேதான் பெரிய வித்தியாசம். அச்சில் எழுத்து பள்ளத்துக்குள் இருக்கிறது, சுட்டபின் கருப்பு அக்ரிலிக் பெயின்டை அதில் தேய்த்து மேற்பரப்பை ஈரத்துணியால் துடைத்துவிட்டால், சாவியோடு தினமும் உரசினாலும் அவ்வளவு சீக்கிரம் அழியாது. பேனா எழுத்து மேலேயே நிற்பதால் வார்னிஷ் கட்டாயம். அதுவும் தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட (water-based) வகைதான், இரண்டு மெல்லிய பூச்சாக. நகப்பூச்சு அடித்தால் நாளாக நாளாகப் பிசுபிசுத்துவிடும், தயவுசெய்து வேண்டாம். சாதாரண பெர்மனன்ட் மார்க்கரும் அப்படித்தான், மை மெல்லக் கசிந்து பரவும்.

தமிழ் எழுத்து: கடையில் கிடைக்கும் அச்சுகள் பெரும்பாலும் ஆங்கிலம்தான். தமிழில் பேனா, அல்லது சுடாத களிமண்ணில் ஊசியால் கீறிப் பெயின்ட் நிரப்புவது. எனக்குப் பிடித்தது இரண்டாவது.

சரி, தினமும் கையில் புழங்கும் பொருளுக்கும், ஒரே மாதிரி இருபது முப்பது செய்யவும் அச்சு. சுவரில் மாட்டும் பெயர்ப்பலகைக்கும், ஒன்றிரண்டு பரிசுக்கும் பேனா.