ரெட் டாட் ஃபைண்டர்: ஓரத்தில் நழுவும் புள்ளி

130 மி.மீ. நியூட்டோனியன் தொலைநோக்கி வாங்கவிருக்கும் நண்பர் ஒருவர், அதனுடன் வரும் ரெட் டாட் ஃபைண்டரே (வானில் ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டித் தொலைநோக்கியைக் குறிவைக்க உதவும் சிறு கருவி) போதுமா, வேறொன்று வாங்க வேண்டுமா என்று கேட்டிருந்தார். அதே வகை ஃபைண்டரைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். எடையும் பேட்டரியும் பெட்டியிலேயே அச்சாகியிருக்கும். நான் பேச விரும்புவது அதன் முன்புறத்தில் சற்றே சாய்ந்து நிற்கும் சிறு லென்ஸைப் பற்றித்தான்.

அந்த லென்ஸின் இரு பரப்புகளும் ஏறக்குறைய ஒரே வளைவு கொண்டவை என்பதால் வானம் அதன் வழியே பெரிதாகாமலும் சிறிதாகாமலும் தெரிகிறது. ஒரு பரப்பில் பூசப்பட்ட மெல்லிய பூச்சு மட்டும் சிவப்பு ஒளிக்குக் குழியாடியாகிறது. பார்வைப் பாதைக்குக் கீழே, அந்த ஆடியின் குவியத்தில் ஒதுங்கியிருக்கும் எல்இடியின் ஒளி ஆடியில் பட்டு இணைகதிர்களாகக் கண்ணுக்குத் திரும்புகிறது. இணைகதிர்கள் முடிவிலாத் தொலைவிலிருந்து வருவனவாகவே கண்ணுக்குப் படும். ஆகவே புள்ளியும் விண்மீனும் ஒரே நேரத்தில் கூர்மையாகத் தெரிகின்றன. இரு கண்களையும் திறந்து வைத்தபடி, வானில் ஒரு சிவப்புப் பொட்டை நகர்த்திச் சென்று ரோகிணியின் மீது வைப்பது இன்றும் எனக்குச் சலிக்காத இன்பம். தலைகீழாகக் காட்டும் சிறு குழாய் ஃபைண்டரில் திசை குழம்பித் தவித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஒளிப்புள்ளியை முடிவிலித் தொலைவில் தோன்றச் செய்யும் இந்தக் கருத்துக்கு 1900இல் காப்புரிமை பெற்றவர் டப்ளின் நகரின் ஹோவர்டு கிரப். அவர் துப்பாக்கிக் குறிபார்வைக்காகவே அதைச் சிந்தித்தார் என்றாலும் அவருடைய தொழில் தொலைநோக்கி செய்வதுதான். புனேயிலிருந்து 1912இல் கொடைக்கானலுக்குக் கொண்டுவரப்பட்ட 20 அங்குலத் தொலைநோக்கியும் அவர் நிறுவனம் செய்ததே. அக்கருத்து தொலைநோக்கியின் முதுகிலேயே வந்து அமர்ந்திருப்பது பொருத்தமானது என்று நினைக்கிறேன்.

என் கோபம் அந்தக் கருத்தின் மீதன்று. அதைக் கையாண்டிருக்கும் சிக்கனத்தின் மீது. தொலைநோக்கியைச் சிரியஸ் மீது நிறுத்திவிட்டு, கண்ணை அந்த லென்ஸ் சாளரத்தின் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்ல நகர்த்திப் பாருங்கள். விண்மீனைவிட நம்பகமான முடிவிலித் தொலைவு இல்லை. ஆகவே புள்ளி விண்மீனை விட்டு விலகினால் அந்தப் பிழை முழுவதும் லென்ஸுடையதுதான். என் ஃபைண்டரில் புள்ளி ஓரத்தில் நிலவின் அகலத்தில் பாதி அளவுக்கு, அதாவது கால் பாகை அளவுக்கு நழுவுகிறது. கோள வடிவ ஆடி தன் ஓரத்தில் படும் கதிர்களையும் நடுவில் படும் கதிர்களையும் ஒரே திசையில் அனுப்புவதில்லை. ஆடியைச் சாய்த்து வைப்பதால் அந்தக் கோளப் பிறழ்ச்சியோடு வேறு பிறழ்ச்சிகளும் சேர்கின்றன. 650 மி.மீ. குவியத் தூரமுள்ள தொலைநோக்கியில் 25 மி.மீ. கண்ணருகு லென்ஸ் கிட்டத்தட்ட இரண்டு பாகை வானத்தைக் காட்டுவதால் இந்தப் பிழை உறைக்காது. 10 மி.மீ. லென்ஸை மாட்டினால் முக்கால் பாகைதான் தெரியும். தேடிய பொருள் விளிம்புக்கு ஒதுங்கிவிடும்.

இதற்குத் தீர்வு இல்லாமலும் இல்லை. கண்ணாடியின் பின்பரப்பில் ஒளியைத் திருப்பி, உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கண்ணாடியின் ஒளிவிலகலைக் கொண்டே கோளப் பிறழ்ச்சியைக் குறைக்கும் மாஞ்சின் ஆடி 19ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. துப்பாக்கிகளுக்கான நல்ல ரெட் டாட் சைட்டுகளில் (குறிபார்வைக் கருவிகளில்) இரண்டு லென்ஸ்களை ஒட்டி, இடையில் அந்தப் பூச்சை வைக்கிறார்கள். இங்கே ஒற்றைக் கண்ணாடியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

பூச்சிலும் அதே கைச்சுருக்கம். எல்இடியின் நிறத்தை, ஏறத்தாழ 650 நானோமீட்டரைச் சுற்றிய குறுகிய பட்டையை மட்டும் திருப்பினால் போதும். இதுவோ அகலமாகத் திருப்புகிறது. வானம் நீலப்பச்சையாகிறது, திருவாதிரையும் கேட்டையும் தம் செம்மையை இழந்து மங்குகின்றன. நூற்றில் 40 பங்கு ஒளி இப்படிப் போனால் விண்மீனின் ஒளிர்வு, வானியலார் அதை அளக்கும் தர (மேக்னிட்யூட்) அளவில், அரைத் தரத்துக்கு மேல் குறைந்துவிடும். நகர விளிம்பில் நின்று பார்ப்பவருக்கு அது பெரிய இழப்பு.

புள்ளி வட்டமாக இல்லாமல் வால்முளைத்ததுபோல் தெரிந்தால் உடனே லென்ஸைக் குறை சொல்ல வேண்டாம். தலையைச் சாய்க்கும்போது வாலும் கூடவே சுழன்றால் குறை கண்ணில் இருக்கிறது. நின்ற இடத்திலேயே நின்றால் லென்ஸில் இருக்கிறது.

இவ்வளவு இன்பம் தந்த கருவியை நண்பருக்குப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. இதை நம்பி இருக்க வேண்டாம், டெல்ராட் என்னும் வேறு வகை ஃபைண்டரை வாங்குங்கள்; அது புள்ளிக்குப் பதிலாக வட்டங்களைக் காட்டும். அதில் லென்ஸ் தனியே உள்ளே படுத்திருக்கிறது, எதிரே 45 பாகையில் சாய்ந்த வெறும் தட்டைக் கண்ணாடி நிற்கிறது. எனவே வானம் நிறம் மாறுவதில்லை, ஆடியைக் கோணலாக வைக்கும் தேவையும் இல்லை. அரை, இரண்டு, நான்கு பாகை வட்டங்கள் விண்மீன் வரைபடத்தோடு ஒப்பிடவும் உதவும். குழாயின் மீது அதிக இடம் பிடிக்கும் என்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். அது கைக்கு வரும்வரை ரெட் டாட்டையே பயன்படுத்துங்கள். ஃபைண்டரைத் தொலைநோக்கியோடு சீரமைக்கும்போதும் பொருளைத் தேடும்போதும் புள்ளியைச் சாளரத்தின் நடுவிலேயே வைத்துப் பாருங்கள்.