“எத்தனை படிகள்?” என்று கேட்கக் கற்றுக்கொண்ட நான்கு ஆண்டுகள்

பொலோஞ்ஞாவில் வசிக்கும் நான், நடக்க இயலாத என் அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து நான்கு ஆண்டுகளாக இத்தாலியின் அருங்காட்சியகங்களுக்கு அழைத்துச் சென்று வருகிறேன். புறப்படும் முன் இத்தாலிய மொழியில் மின்னஞ்சலிலோ தொலைபேசியிலோ விசாரிப்பது வழக்கமாகிவிட்டது. எப்படிக் கேட்டால் பயன்படும் பதில் கிடைக்கும் என்பது தாமதமாகத்தான் புரிந்தது.

முதல் ஆண்டு முழுவதும் “இல் முஸேயோ ஏ அச்செஸ்ஸீபிலே?” என்று மட்டும் கேட்டேன், சக்கர நாற்காலி செல்லுமா என்பது பொருள். வந்த பதில் பெரும்பாலும் “ஸி”, அதாவது ஆம் என்ற ஒற்றைச் சொல்தான். அதை நம்பி ஒரு சிற்றூர் அருங்காட்சியகத்துக்குப் போனோம். மின்தூக்கி உண்மையிலேயே இருந்தது. ஆனால் அதை அடைய மூன்று கல்படிகள் ஏற வேண்டும். ஊழியர்கள் இருவர் அன்போடு நாற்காலியைத் தூக்க வந்தார்கள். அம்மா இரு கைகளாலும் சக்கரங்களை இறுகப் பிடித்துக்கொண்டு, “தூக்க வேண்டாம். நீ போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லு” என்றார். நான் போகவில்லை.

அதன்பின் கேள்வியை மாற்றினேன். தெருவிலிருந்து நுழைவுச்சீட்டு தரும் இடம் வரை “குவாந்தி கிரதீனி ச்சி ஸோனோ?”, அதாவது எத்தனை படிகள் உள்ளன என்று கேட்கிறேன், எண்ணிக்கை கேட்டால், பதில் சொல்பவர் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வருகிறார். அம்மாவின் நாற்காலி 64 சென்டிமீட்டர் அகலம் என்று தெரிவித்து, மின்தூக்கிக் கதவின் அகலத்தையும் கேட்கிறேன். கிளம்பும் நாள் காலையில் மின்தூக்கி இயங்குகிறதா என்று மறுபடியும் அழைக்கிறேன், ஏனெனில் பழுது என்று பொருள்படும் “குவாஸ்தோ” அட்டை எங்களைப் பலமுறை திருப்பி அனுப்பியிருக்கிறது. சொல்லிலும் கவனம் தேவை: சக்கர நாற்காலியை இங்கே பலரும் “கர்ரொத்ஸீனா” என்கிறார்கள், குழந்தைத் தள்ளுவண்டிக்கும் அதே பெயர்தான் என்பதால், நாற்காலியில் வருபவர் பெரியவர் என்பதைச் சேர்த்தே எழுதுகிறேன்.

அரசு அருங்காட்சியகங்களில் மாற்றுத்திறனாளிக்கும் அவருக்குத் துணையாக வரும் ஒருவருக்கும் நுழைவு இலவசம். உரிய சான்றிதழை உடன் வைத்திருங்கள். புளோரன்ஸ் நகரின் உஃபீத்ஸி ஓவியக்கூடத்தில் மின்தூக்கி இருப்பதால் போத்திச்செல்லியின் ஓவியங்கள் வரை அம்மா தங்குதடையின்றி வந்தார். அதே நகரின் பேராலயக் குவிமாடத்துக்கு 463 படிகள், மின்தூக்கி கிடையாது. அங்கே கேட்பதற்கே ஒன்றுமில்லை. பழைய ரோமானிய நகரின் இடிபாடுகள் உள்ள பொம்பேயியில் சக்கர நாற்காலிக்கெனச் சீரமைத்த பாதை 3 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. அதை விட்டு விலகினால், பழைய தெருக்களின் பெருங்கற்களில் முன்சக்கரம் சிக்கிக்கொள்கிறது.

சென்ற மாதம் ஒரு சிறிய அருங்காட்சியகத்திலிருந்து வந்த பதில் இது: “வாசலில் இரண்டு படிகள், ஒவ்வொன்றும் 14 சென்டிமீட்டர். சாய்பலகை இருக்கிறது. இடப்பக்க மணியை அழுத்துங்கள், எடுத்து வருகிறோம்.” அம்மா அதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்; வரும் சனிக்கிழமை போகிறோம்.