ஊரில் ஃபேட் பைக் டயர்: விலை சல்லிசு, சரக்குதான் இல்லை

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். இந்த ஜூலையில் உடன்குடிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தபோது ஃபேட் பைக் என்கிற தடித்த டயர் சைக்கிளுக்கு 26 x 4.0 அளவு, அதாவது நாலு அங்குல அகல டயர் ஒன்று 1,250 ரூபாய்க்குக் கிடைத்தது. டியூப் 380. இரண்டு சக்கரத்துக்கும் மாட்டுக்கூலி 150. நான் இருக்கும் கனடாவின் எட்மன்டனில் பனிக்காலத்துக்கு ஆணி பதித்த ஃபேட் டயர், நல்ல கம்பெனியாகப் பார்த்தால், ஒன்றே 250 டாலரைத் தாண்டும். நம் காசுக்குப் பதினைந்தாயிரம். அண்ணன் மகனுக்கு வாங்கிக் கொடுத்த முழு சைக்கிளே அந்த விலை இல்லை. ஆக, ஊரில் விலைக்குக் குறையில்லை. கையில் கிடைப்பதுதான் பெரும்பாடு.

அந்த சைக்கிள் பத்தாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கியது. பயல் கொஞ்ச நாள் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டினான், அப்புறம் பஞ்சர், அப்புறம் தொழுவத்தில் சாத்திவைத்தாகிவிட்டது. காற்று இறங்கி, வண்டியின் பாரம் முழுக்க ரிம்மில் நின்றதில் டயரின் பக்கவாட்டு ரப்பர் வெடித்திருந்தது. விரலால் மடக்கிப் பார்த்தால் உள்ளே நூல் தெரிகிறது. “வேற சைக்கிள் வாங்கிக்கிடலாம் சித்தப்பா” என்கிறான். ஊரில் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்பது பிறகுதான் விளங்கியது.

எனக்கு ஆசை வேறு. பக்கத்தில் குதிரைமொழித் தேரி இருக்கிறது. செக்கச் செவேலென்ற மணல் மேடு, நடுவே பனையும் கொல்லாமரமும், அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில். சாதா சைக்கிளை அதில் தள்ளிக்கொண்டுதான் போக முடியும். ஃபேட் பைக்கோ இந்த மாதிரி இடத்துக்கென்றே பிறந்த வண்டி. 1987இல் அலாஸ்காவில் இடிட்டாபைக் என்று பனியில் சைக்கிள் பந்தயம் தொடங்கினார்கள். டயர் பனியில் புதைகிறதே என்று அங்கே சிலர் இரண்டு ரிம்மை ஒட்டி வெல்டிங் அடித்து அகலமாக்கினார்கள். அதே காலத்தில் நியூ மெக்சிகோவில் ஒருவர் பாலை மணலுக்காக மூன்றரை அங்குல டயர் செய்துகொண்டிருந்தார். இரண்டும் கலந்து, 2005இல் சர்லி கம்பெனியின் பக்ஸ்லி என்ற வண்டி கடைக்கு வந்த பிறகுதான் எல்லாரும் வாங்கும்படி ஆனது. பனிக்கும் மணலுக்கும் வந்த வண்டி நம் ஊரில் தார் ரோட்டில் மட்டும் ஓடுகிறது. பையன்களுக்கு அது புல்லட் மாதிரித் தெரிந்தால் போதும்.

டயர் தேடிப் போன முதல் கடையில் வாசலிலேயே புது ஃபேட் சைக்கிள்கள் பாலித்தீன் சுற்றி வரிசையாக நின்றன. டயர் மட்டும் இல்லை. கடைக்காரர் மறைக்காமல் சொன்னார்: “வண்டி ஓடுது அண்ணாச்சி. டயரு கேட்டு யாரு வாரா? ஒரு டயரு தொங்கவிடுத எடத்துல சாதா டயரு மூணு தொங்கவிடுவேன். அது வாரத்துல போயிரும், இது வருசம் பூரா கெடக்கும். கெடந்தா வெடிச்சிரும்.” நியாயமான கணக்கு. திருச்செந்தூரிலும் இதே பதில்தான். புதுவண்டியிலிருந்து கழற்றித் தருகிறீர்களா, கூடக் காசு தருகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். அந்த வண்டியை அப்புறம் யார் தலையில் கட்டுவது என்று கடைக்காரர் சிரித்தார்.

தூத்துக்குடியில் ஒரு கடையில் ஒன்று இருந்தது, ஆனால் 24 x 4.0. “இழுத்து மாட்டினா ஏறிரும் சார்.” ஏறவே ஏறாது. 26 என்று போட்ட டயரின் விளிம்பு உட்காரும் விட்டம் 559 மில்லிமீட்டர், 24க்கு 507. கம்பி விளிம்பின் விட்டம் ஐந்து சென்டிமீட்டர் விரியுமா? கடையில் கேட்கும்போது டயரின் பக்கவாட்டில் புடைப்பாக அச்சடித்திருக்கும் இந்த எண்ணைப் பாருங்கள். 26 என்பதெல்லாம் பேருக்குத்தான். நாலு அங்குல டயரை மாட்டிக் காற்றடித்து அளந்தால் வெளிவிட்டம் 29 அங்குலத்தைத் தாண்டும்.

ஆன்லைனில் படம் படமாக இருக்கிறது. பின்கோடை அடித்ததும் பாதிப்பேர் கைவிரித்துவிடுகிறார்கள். அனுப்புகிறேன் என்ற ஒரு தளத்திலிருந்து வந்து இறங்கியது 20 x 4.0, சின்னப்பையன் சைக்கிளுக்கு. திருப்பி அனுப்ப ஆள் வருவார் என்றார்கள். வந்தவர், டப்பாவின் நீளம் தன் பைக்கில் கொள்ளாது என்று போய்விட்டார். மறுபடி ஒருவர் வந்து எடுத்துப்போய்ப் பணம் திரும்பியது, அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் போனில் பேசிய எவருக்கும் 20க்கும் 26க்கும் என்ன வித்தியாசம் என்று புரியவைக்க முடியவில்லை.

கடைசியில் திருநெல்வேலியில் ஒரு மொத்தக் கடைக்காரர் பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிக்கொண்டு, சென்னை ரத்தன் பஜாருக்குப் போன் போட்டு பஸ் பார்சலில் வரவழைத்தார். அங்கே சைக்கிள் சாமானில் கிடைக்காதது குறைவு. லுதியானா சரக்கு. நூல் முரடு, கம்பி விளிம்பு, ஒரு டயர் இரண்டு கிலோவுக்குப் பக்கம் கனம். எட்மன்டனில் நான் ஓட்டுவது அங்குலத்துக்கு 120 நூல் பின்னிய மடக்கு டயர். குழைவாக இருக்கும், அரிசிப்பை போலச் சுருட்டிப் பெட்டியில் வைக்கலாம். இரண்டும் ஒன்றில்லைதான். பள்ளிக்கூடப் பையன் சைக்கிளுக்கு லுதியானா டயரே தாராளம், தேரிக்கும் அதே போதும் என்பது என் தீர்மானம்.

மாட்டியது எங்கள் ஊர் பஞ்சர் கடை அண்ணாச்சி. அவர் வேலையைத்தான் சொல்ல வேண்டும். பழைய டயரைக் கழற்றியதும் தூக்கி எறியவில்லை. உள்பக்கம் ஒரு துணியைச் சுருட்டி வைத்து மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தார். துணி மாட்டிய இடத்திலெல்லாம் குறடால் ஒரு முள்ளை இழுத்தார். எல்லாம் உடைமுள், வெளியே தலை ஒடிந்து உள்ளே ஊசி மட்டும் நின்றவை. “டியூப மாத்தி மாத்திப் போட்டுட்டு டயர்ல முள்ள விட்டுட்டா என்னத்துக்கு ஆகும் தம்பி?” பழைய டியூப் அவரது தண்ணீர்ச் சட்டிக்குள் அடங்காத பருமன். கால்வாசி கால்வாசியாக அமுக்கி, குமிழ் வந்த இடத்தில் குச்சியால் குறித்துக்கொண்டார். உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதி, ஒட்டு வைத்துச் சுத்தியலால் தட்டினார். ஒட்டுக்கு 40 ரூபாய், சாதா சைக்கிளுக்கு 25தானாம். ரிம்முக்குள் இருந்த பட்டை நைந்துபோய் ஸ்போக்ஸ் தலை நீட்டிக்கொண்டிருந்ததைக் கண்டு, பழைய மோட்டார் பைக் டியூபை நீளவாக்கில் கிழித்துச் சுற்றிவிட்டார். அதற்குக் காசு வாங்கவில்லை. எட்மன்டனில் டியூப் மாற்ற முதல் நாளே நேரம் கேட்டு வண்டியை விட்டுவர வேண்டும், ஒட்டுப்போடும் பேச்சே கிடையாது.

ஃபேட் டியூப் கிடைக்காத சமயம் சாதா 26 டியூபையே உள்ளே போட்டு ஓட்டுவதுண்டு என்றும் சொன்னார். உண்மைதான், கனம் குறையட்டும் என்று வெளிநாட்டிலும் சிலர் வேண்டுமென்றே செய்கிறார்கள். ஆனால் அந்த டியூப் நீண்டு மெலிந்துவிடும். உடைமுள் உள்ள காட்டில் அது வேண்டாத வேலை.

காற்று அடிப்பது தனிக் கதை. இந்த டியூபில் இருப்பது கார் வால்வு, வீட்டுப் பம்பு பொருந்தாது. பெட்ரோல் பங்கில் காற்று இலவசம். “எவ்வளவு வைக்கட்டும்?” என்றான் பங்க் பையன். பதினைந்து என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு முப்பது வைக்கப் போனான். தேரி மணலில் காற்றழுத்தம் ஆறிலிருந்து எட்டு பிஎஸ்ஐ வைத்தால்தான் டயர் பரந்து மிதக்கும். தார் ரோட்டில் பதினைந்து, இருபது வேண்டும், இல்லாவிட்டால் பக்கவாட்டு ரப்பர் மறுபடி வெடிக்கும். அதனால் ரோட்டுக்கு அடித்த காற்றை மணல் ஓரத்தில் நின்று இறக்கிக்கொண்டேன். ஆடிக்காற்றில் மணல் கண்ணைத் திறக்கவிடவில்லை, வண்டி மட்டும் அமிழாமல் போனது. ஏற்றத்தில் மூச்சு வாங்கியது, அதற்கு டயர் பொறுப்பில்லை.

கிளம்பும் முன் நெல்லைக் கடையில் ஸ்பேராக டியூப் இரண்டு வாங்கி, பயலிடமும் கார் வால்வுக்குப் பொருந்தும் கால் பம்பு ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தேன். டயருக்கு அந்தக் கடைக்காரரின் வாட்ஸ்அப் எண் அவனிடம் இருக்கிறது. முன்பணம் போட்டால் பஸ்ஸில் ஏற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.