எய்ட் அண்ட் அட்டெண்டன்ஸ்: இழப்பீட்டு வழியா, பென்ஷன் வழியா?

குளிக்க, உடுத்த, சாப்பிட இன்னொருவர் கை தேவைப்படும் முன்னாள் படைவீரர்களுக்கு அமெரிக்காவில் கூடுதல் பணம் உண்டு. குழப்பம் அதன் பெயரில்தான். படைவீரர் நலத்துறையான விஏ, ‘எய்ட் அண்ட் அட்டெண்டன்ஸ்’ என்ற ஒரே பெயரில் இரண்டு உதவிகளைத் தருகிறது. ஒன்று எஸ்எம்சி எனப்படும் சிறப்பு மாத இழப்பீடு. மற்றது, வருமானம் குறைந்த முன்னாள் படைவீரர்களுக்கு விஏ தரும் பென்ஷனோடு சேர்வது.

எஸ்எம்சியில் முக்கியமான கேள்வி ஒன்றுதான்: இந்த நிலைக்குக் காரணம் படைப்பணியால் வந்த காயமோ நோயோதானா? ஆம் என்றால் வருமானம், சொத்து எதையும் பார்ப்பதில்லை. 2025 விகிதப்படி, தன்னை நம்பியிருக்கும் குடும்பத்தினர் இல்லாதவருக்கு, எஸ்எம்சி படிநிலைகளில் ஒன்றான ‘எல்’ நிலையில் மாதம் சுமார் 4,767 டாலர் கிடைத்தது. முழு முடக்கம் என்று மதிப்பிடப்பட்டவருக்கான சாதாரண 100 சதவீத இழப்பீடு அப்போது 3,831தான்.

பென்ஷனுக்கு நோய் எங்கிருந்து வந்தாலும் சரி. ஆனால் போர்க்காலப் பணி வேண்டும். 65 வயதோ நிரந்தர முழு முடக்கமோ வேண்டும். சொத்தும் ஆண்டு வருமானமும் சேர்ந்து ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது; 2025-இல் அது 159,240 டாலராக இருந்தது. தனியாளுக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் பென்ஷனின் உச்சவரம்பு அந்த ஆண்டு 28,300 டாலர். அதில் வருமானம் கழியும். கைக்காசில் கொடுக்கும் பராமரிப்புச் செலவை வருமானத்திலிருந்து கழிக்கலாம் என்பது ஓர் ஆறுதல். பிள்ளைகள் பெயருக்குச் சொத்தை மாற்றிவிட்டு விண்ணப்பிக்கலாமே என்றால், முந்தைய 3 ஆண்டுக் கணக்கையும் பார்ப்பார்கள்.

இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. எது அதிகமோ அதுவே வரும். பராமரிப்பவருக்கே உதவித்தொகை தரும் திட்டம் தனி. படைப்பணியால் வந்த முடக்கத்துக்கு விஏ தரும் மதிப்பீடு 70 சதவீதமாவது அதற்கு வேண்டும். எஸ்எம்சியோடு அதையும் பெறலாம்.

என் கணிப்பில், பென்ஷன் படிவத்தை எடுக்குமுன் எஸ்எம்சிக்கு வழியிருக்கிறதா என்று துருவ வேண்டும். வியட்நாமில் பணியாற்றியவர் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார் என்று வையுங்கள். ‘வயதானால் வருவதுதானே’ என்று குடும்பம் பென்ஷன் பக்கம் போய்விடும். ஆனால் நச்சுப் பொருள்களால் பாதிக்கப்பட்ட படைவீரர்களுக்கான 2022-இன் பேக்ட் சட்டம், வியட்நாம் போரில் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லியால் வந்ததாகவே கருதும் நோய்களில் உயர் ரத்த அழுத்தத்தையும் சேர்த்தது. அந்த ரத்த அழுத்தத்தின் விளைவே பக்கவாதம் என்று மருத்துவர் காரணத்தோடு எழுதினால் எஸ்எம்சிக்கு வழி பிறக்கலாம்.

இரண்டுக்கும் மருத்துவர் நிரப்புவது 21-2680 என்ற ஒரே படிவம். ‘உதவி தேவை’ என்று ஒரு வரி எழுதினால் போதாது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, கழிப்பறைக்குத் தனியே போனால் விழுகிறார் என்று விவரம் வேண்டும். நாள் முழுக்க ஆள் கூடவே இருக்க வேண்டும் என்பதில்லை, வழக்கமான தேவை இருந்தாலே போதும். இதைத் தெரியாமலே பலர் விட்டுவிடுகிறார்கள்.