விரலில்லாக் கையுறைக்கு நான் கண்டுகொண்ட நூல்

ரொறன்ரோவில் செப்ரெம்பர் கடைசியானால் காலைக் குளிர் முதலில் விரல் நுனியில்தான் தெரியும். நான் வேலை செய்வது ஒரு கடையின் மரக்கறிப் பகுதியில். கத்தரிக்காய் அடுக்க, கீரைக்கட்டுப் பிரிக்க, விலைச் சிட்டை ஒட்ட விரல்கள் வெளியே இருக்க வேண்டும். முழுக் கையுறை போட்டால் சிட்டை கையுறையோடே ஒட்டிக்கொண்டு வரும். அதனால் மூன்று வருடமாக விரலில்லாக் கையுறையை நானே கொளுக்கி ஊசியால் குரோஷே பின்னிப் போடுகிறேன். இந்த வருடம் கையுறை, காது மூடும் தலைப்பட்டி, கழுத்துச் சுற்று மூன்றையும் ஒரே நூலில் பின்னினேன். நூலின் பெயர் பேற்றன்ஸ் கிளாசிக் வூல் வேஸ்ரட். இங்கே ஒன்ராறியோவில், லிஸ்ரவல் என்ற ஊரில் இருக்கும் ஸ்பின்றைற் நிறுவனத்தின் நூல் அது.

முந்திய இரண்டு வருடமும் மலிவான அக்ரிலிக் நூலில்தான் பின்னினேன். அது எந்த நிறுவனத்தினுடையது என்பது இங்கே முக்கியமில்லை. நவம்பர் வருமுன்பே உள்ளங்கைப் பக்கம் பஞ்சு உருண்டை உருண்டையாகத் திரண்டது. மணிக்கட்டு தளர்ந்து சட்டைக் கைபோலத் தொங்கியது. மழையில் நனைந்தால் வேலை முடியும் வரைக்கும் கை சில்லென்றே இருக்கும்.

பேற்றன்ஸ் முழுக் கம்பளி. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 விழுக்காடு ஈரத்தை உறிஞ்சிய பிறகும் ஈரமாக உணர்த்தாது என்று படித்திருந்தேன். பஸ் தரிப்பில் தூறலுக்குள் நின்ற அன்றுதான் அதை நம்பினேன். கையுறையின் மேல் துளிகள் முத்து முத்தாக நின்றன, உள்ளே கை சூடாகவே இருந்தது. மணிக்கட்டும் இழுத்து விட்டால் திரும்பப் போய் இறுகிக்கொள்கிறது. ஆறு வாரம் நாளாந்தம் போட்டும் வடிவம் மாறவில்லை.

பின்னிய முறையையும் சொல்லிவிடுகிறேன். 5 மி.மீ. கொளுக்கி. 25 கண் (பின்னலின் ஒவ்வொரு வளையமும் ஒரு கண்) அகலம், அதாவது கை நீளத்துக்கு 18 செ.மீ. அதன்மேல் அமெரிக்கப் பெயரில் அரை டபிள் குரோஷே என்ற பின்னல், ஒவ்வொரு கண்ணிலும் பின்பக்க இழையை மட்டும் எடுத்து, 18 வரிசை. இப்படிப் பின்னினால் துணி மடிப்பு மடிப்பாக வந்து ரப்பர் போல இழுபடும். பிறகு இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைக்க வேண்டும். மேலிருந்து 4 செ.மீ. தைத்து, பெருவிரலுக்கு 5 செ.மீ. விட்டு, மிச்சத்தை மூடினால் சரி. தனியாகப் பெருவிரல் பின்னும் வேலையே இல்லை. தலைப்பட்டிக்கும் இதே பின்னல்தான், 14 கண். தலைச் சுற்றளவைவிட 5 செ.மீ. குறைத்து நிறுத்தினால் காதை இறுக்கிப் பிடிக்கும்.

ஊரில் மனையியல் வகுப்பில் குரோஷே படித்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ரீச்சர் எங்களுக்குச் சொல்லித் தந்தது பிரித்தானியப் பெயர்கள். மெல்லிய பருத்தி நூலில் மேசை விரிப்பும் கதிரைச் சீலையும் பின்னிய காலம் அது. அமெரிக்க மாதிரிகளில் டபிள் குரோஷே என்று எழுதியிருப்பது நாங்கள் ட்றெபிள் என்று படித்தது. நாங்கள் டபிள் என்று படித்ததை அவர்கள் சிங்கிள் என்பார்கள். இது தெரியாமல் நான் பின்னிய முதல் கையுறை கைக்குள் நுழையவே இல்லை. வரிசை எண்ணிக்கை சரியாக இருந்தும் உயரம் பாதிதான். மாதிரியைத் தொடங்குமுன் எந்த நாட்டுப் பெயர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சலவை விஷயத்தில் பொறுமை வேண்டும். சிட்டையில் கையால் கழுவச் சொல்லியிருக்கிறது, அதை மீறினால் என்ன ஆகும் என்று அறிய 10 செ.மீ. மாதிரிச் சதுரம் ஒன்றைப் பின்னி மெஷினில் சுடுதண்ணீரில் போட்டேன். 7 செ.மீ. ஆகச் சுருங்கி, கண்கள் மறைந்து, தடித்த துணியாக வந்தது. கம்பளி இழையின் செதில்கள் சூட்டிலும் உரசலிலும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால்தான் அப்படி. பை, செருப்பு செய்பவர்கள் இதற்காகவே இந்த நூலைத் தேடுவார்கள். என் சதுரம் இப்போது தேத்தண்ணிக் கோப்பைக்கு அடியில் இருக்கிறது. கையுறையை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவிட்டு, பிழியாமல் துவாயில் சுருட்டி அமத்தி, விரித்துக் காயவைக்கிறேன்.

மெஷினை விட்டால் வழியில்லை என்ற வீட்டுக்கு இந்த நூலை நான் சொல்லமாட்டேன். குழந்தை உடுப்புக்கும் சொல்லமாட்டேன்.

கழுத்துச் சுற்றுக்கு இன்னொரு யோசனை. அசல் கம்பளி எதுவானாலும் சிலருக்குத் தோலில் உறுத்தும், என் மகள் அப்படி. பழைய பருத்திச் சேலையில் ஒரு கீலம் வெட்டி உள்பக்கம் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். இப்போது பள்ளிக்கூடத்துக்கு அவள்தான் போட்டுக்கொண்டு போகிறாள்.

மூன்றும் ஒரே நிறமாக வேண்டுமென்றால் நூலை ஒரே நாளில் வாங்குங்கள். சிட்டையில் சாயத் தொகுதி எண், அதாவது ஒரே தடவையில் சாயமேற்றிய நூலுக்குப் போடும் எண், இருக்கும், அது ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். நான் வாங்கியது 100 கிராம் உருண்டை மூன்று. கையுறைக்கு 65 கிராம், தலைப்பட்டிக்கு 45, கழுத்துச் சுற்றுக்கு 145 போனது. சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன்.

ஜனவரிக் குளிருக்கு இது தனியாகக் காணாது, மேலே பெரிய கையுறை வேண்டும். ஒக்ரோபர், நவம்பருக்கு இதைவிட நல்லது நான் போட்டதில்லை. மிஞ்சிய 45 கிராமில் பெறாமகளுக்கு ஒரு சோடி தொடங்கியிருக்கிறேன். அவளுடைய கை சின்னது. 18 கண், 15 வரிசை போதும். கையாலேயே கழுவுவேன் என்று தங்கச்சி வாக்குத் தந்திருக்கிறாள்.