கிளைகாலிசிஸின் கடைசி மூன்று படிகள்: ஆன்லைன் வகுப்புகளில் படித்த அனுபவம்

செல் குளுக்கோஸைப் பத்துப் படிகளில் பைருவேட்டாக உடைத்து ஆற்றல் எடுக்கும் பாதைதான் கிளைகாலிசிஸ். அதை நடத்தும் ஆன்லைன் வகுப்பு எதுவானாலும் நான் இப்போதெல்லாம் நேராக எட்டாவது படிக்குப் போய்விடுகிறேன். குளுக்கோஸ் செல்லுக்குள் வருவது, ஹெக்சோகைனேஸ் என்ற என்சைம் அதில் பாஸ்பேட்டை ஒட்டுவது, ஆறு கார்பன் மூலக்கூறு தலா மூன்று கார்பன் உள்ள இரண்டாகப் பிரிவது, இதையெல்லாம் எல்லோரும் நிதானமாகத்தான் நடத்துகிறார்கள். வகுப்பு நேரம் முடியப்போகும்போதுதான் அவசரம் தொற்றிக்கொள்கிறது. 3-பாஸ்போகிளிசரேட்டிலிருந்து பைருவேட் வரையிலான கடைசி மூன்று படிகளை அம்புக்குறி போட்டு, என்சைம் பெயரைச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். செல்லுக்கு வரும் நிகர லாபம் அங்கேதான் இருக்கிறது. ஆரம்பத்தில் இரண்டு ஏ.டி.பி. (ATP, செல்லின் ஆற்றல் நாணயம்) செலவு, ஏழாவது படியில் இரண்டு வரவு, அதோடு கணக்கு சரியாகிவிடுகிறது. பத்தாவது படியில் வரும் இரண்டு ஏ.டி.பி.தான் கையில் நிற்பது. அந்தப் படிக்கு இரண்டு நிமிடம்கூட ஒதுக்காத வகுப்பை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

நான் சேலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன். டிப்ளமோவோடு வேலைக்கு வந்து, வேலை பார்த்துக்கொண்டே மேலே படிக்கிறேன். இரண்டு வருடத்துக்கு மேலாக ஐ.ஐ.டி.கள் நடத்தும் பாடத் தளமான என்.பி.டி.இ.எல்., கான் அகாடமி, தமிழில் நடத்தும் யூடியூப் ஆசிரியர்கள், தேர்வுக் கோச்சிங் வீடியோக்கள் என்று மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறேன். செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. என்.பி.டி.இ.எல். பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம், சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக்குப் பணம் கட்ட வேண்டும். வாரம் ஒரு அசைன்மென்ட் இருப்பதால் பாதியில் விட்டுவிடாமல் இழுத்துப் பிடிக்கிறது. கரன்ட் போகும் நாளுக்காக முன்கூட்டியே டவுன்லோட் செய்து வைத்துக்கொள்வேன். இதற்கு மேல் வசதி வாய்ப்புகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சரி, பாடத்துக்கு வருவோம்.

எட்டாவது படியில் மூன்றாம் கார்பனில் இருக்கும் பாஸ்பேட் இரண்டாம் கார்பனுக்கு மாறுகிறது. பாஸ்போகிளிசரேட் மியூட்டேஸ் என்ற என்சைம் இதைச் செய்கிறது. அனிமேஷன் வீடியோக்களில் அந்தப் பாஸ்பேட் ஒரு கார்பனிலிருந்து அடுத்ததற்கு ஒரே தாவாகத் தாவும். பார்க்க அழகாக இருக்கும். நம் உடம்பில் நடப்பது வேறு. என்சைமில் இருக்கும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தில் ஏற்கனவே ஒரு பாஸ்பேட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. என்சைம் முதலில் அதை இரண்டாம் கார்பனுக்குக் கொடுக்கிறது. இப்போது மூலக்கூறில் இரண்டு பாஸ்பேட், அதாவது 2,3-பிஸ்பாஸ்போகிளிசரேட். அப்புறம் மூன்றாம் கார்பனில் இருப்பதை என்சைம் தனக்கு எடுத்துக்கொள்கிறது. ஆக, வெளியே வரும் 2-பாஸ்போகிளிசரேட்டில் இருப்பது என்சைம் கொடுத்த பாஸ்பேட். நடுவில் தலைகாட்டிய அந்த இரண்டு பாஸ்பேட் மூலக்கூறுதான் சிவப்பணுவில் ஹீமோகுளோபினோடு சேர்ந்து ஆக்சிஜனை விடுவிக்க உதவுவதும். இந்தத் தொடர்பைச் சொல்லிக்கொடுத்தது போர்டில் ஒவ்வொரு கார்பனாக வரைந்து நடத்திய ஒரு வகுப்பு. பளபளப்பான வீடியோ எதிலும் எனக்கு அது கிடைக்கவில்லை.

கையால் எழுதும் வகுப்புகள் மேல் எனக்கு மரியாதை கூடியதற்குக் காரணமே இதுதான். ஆசிரியர் எழுதும் வேகத்தில் நாமும் எழுத முடிகிறது. மூன்றே கார்பன், ஒரு பில் தாளின் பின்பக்கம் போதும். வீடியோவை நிறுத்தி, அடுத்த படியை நாமே வரைந்துவிட்டு, பிறகு ஓடவிட்டுச் சரிபார்க்கலாம். கான் அகாடமியில் கறுப்புத் திரையில் எழுதிக்கொண்டே பேசுவதும் இந்த வகைக்குத்தான் வரும்.

ஒன்பதாவது படி ஈனோலேஸ். 1934-ல் லோமனும் மேயர்ஹாஃபும் தசைச் சாற்றில் கண்டுபிடித்த என்சைம். வேலை செய்ய மக்னீசியம் வேண்டும். இரண்டாம் கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரஜன், மூன்றாம் கார்பனிலிருந்து ஒரு ஓஹெச், இரண்டும் தண்ணீராக வெளியேறுகின்றன. மீதி நிற்பது பாஸ்போஈனால்பைருவேட், சுருக்கமாகப் பி.ஈ.பி. ஒரு தண்ணீர் மூலக்கூறு போனதில் என்ன பெரிய மாற்றம் என்று தோன்றும். 2-பாஸ்போகிளிசரேட்டிலிருந்து பாஸ்பேட்டைப் பிரித்தால் மோலுக்கு 17.6 கிலோஜூல்தான் வெளிவரும். பி.ஈ.பி.யிலிருந்து பிரித்தால் 61.9. அதே பாஸ்பேட், அதே மூன்று கார்பன். வெளியிலிருந்து யாரும் ஆற்றலைக் கொண்டுவந்து கொட்டவில்லை. இரண்டு மூலக்கூறுகளின் மொத்த ஆற்றலும் ஏறக்குறைய ஒன்றுதான், உள்ளே அது பங்கிடப்பட்டிருக்கும் விதம்தான் மாறியிருக்கிறது.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டும் ஆசிரியர்கள் குறைவு. பி.ஈ.பி.யை அமுக்கி வைத்த ஸ்பிரிங் என்று சொல்லிவிட்டு நகர்பவர்களே அதிகம். உதாரணம் தப்பில்லை, ஆனால் அமுக்கிப் பிடித்திருப்பது எது என்று சொல்லாவிட்டால் அதனால் என்ன பிரயோஜனம்? பிடித்திருப்பது பாஸ்பேட். அது ஒட்டியிருக்கும்வரை மூலக்கூறு ஈனால் வடிவத்தை (கார்பன்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்பு உள்ள அமைப்பை) விட்டு நகர முடியாது. பைருவேட் கைனேஸ் அந்தப் பாஸ்பேட்டை எடுத்து, ஒரு பாஸ்பேட் குறைந்த ஏ.டி.பி.க்குக் (ADP) கொடுத்ததும், ஈனால் உடனே தனக்குச் சௌகரியமான கீட்டோ வடிவத்துக்கு (ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பு உள்ள அமைப்புக்கு) மாறிவிடுகிறது. ஆற்றலின் பெரும்பகுதி அந்த மாற்றத்தில்தான் வெளிவருகிறது. அதை ஏ.டி.பி.யாகக் (ATP) கட்ட 30.5 கிலோஜூல் போக, 31.4 மிச்சம். அதனால்தான் இந்தப் படி திரும்பி வராது. கல்லீரல் பைருவேட்டிலிருந்து குளுக்கோஸ் செய்ய நினைத்தால் இந்த வழியாக வர முடியாமல் இரண்டு தனி என்சைம்களை வைத்து, ஒரு ஏ.டி.பி.யும் (ATP) அதே போன்ற ஒரு ஜி.டி.பி.யும் (GTP) செலவழித்துச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். என்.பி.டி.இ.எல்.லில் நான் பார்த்த ஒரு பேராசிரியர் இந்தக் கழித்தல் கணக்கைப் போர்டில் போட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு இந்தப் படியை நான் மனப்பாடம் செய்யவே வேண்டியிருக்கவில்லை.

இதெல்லாம் பரீட்சைக்கு மட்டும்தானே என்று கேட்பவர்களுக்காக லேப் கதை ஒன்று. ஏற்காடு மலையில் நாகலூர் பக்கம் சர்க்கரைப் பரிசோதனை முகாம் போட்டால், எடுத்த ரத்தம் மலை இறங்கி எங்கள் லேபுக்கு வந்து சேர நேரமாகும். சாதாரண டியூபில் செல்லைப் பிரிக்காமல் வைத்தால் ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். எடுக்கும்போது 110 இருந்தவருக்கு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தால் தொண்ணூற்றுச் சொச்சம் காட்டும். அதற்காகத்தான் சோடியம் ஃபுளோரைடு போட்ட சாம்பல் மூடி டியூப். அதையும் ஐஸ் பெட்டியில்தான் வைத்து அனுப்பச் சொல்வோம்.

எங்களிடம் பயிற்சிக்கு வந்திருக்கும் பெண் ஒருநாள் கேட்டாள், “அக்கா, ஃபுளோரைடு டியூப்தானே, அப்புறம் எதுக்கு ஐஸ்?”

“ஃபுளோரைடு எதை நிறுத்துது?”

“ஈனோலேஸ்க்கா.”

“அது எத்தனாவது படி?”

“ஒன்பது.”

“குளுக்கோஸை முதல்ல எடுக்கிறது யாரு?”

கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஹெக்சோகைனேஸ்... அது நிக்கவே இல்லையேக்கா!” என்றாள்.

அவள் பிடித்தது சரியான இடம். ஈனோலேஸ் நின்றுவிட்டால் கடைசிப் படியின் லாபம் வராது. செல்லிடம் இருக்கும் ஏ.டி.பி. மெல்ல மெல்லத் தீர்கிறது. அது தீர்ந்த பிறகுதான் மேலே ஹெக்சோகைனேஸும் கைவிடும். அதுவரை, ஒன்றிரண்டு மணி நேரமாவது, குளுக்கோஸ் குறைந்துகொண்டேதான் இருக்கும். குளிர்ச்சி அந்த இடைவெளியில் எல்லா என்சைமையும் மெதுவாக்குகிறது. சிட்ரிக் அமிலக் கலவை சேர்த்த டியூபில் ரத்தம் அமிலமாகிவிடுவதால் மேல் படிகளே உடனே நின்றுவிடும். ஃபுளோரைடு போட்டதும் கிளைகாலிசிஸ் நின்றுவிடும் என்று ஒரே வரியில் முடித்த கோச்சிங் வீடியோ ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். தேர்வில் அந்த வரிக்கு மார்க் கிடைக்கும். மலையிலிருந்து வரும் சாம்பிளுக்கு அது போதாது.

கோச்சிங் வீடியோக்களைப் பற்றி இதையும் சொல்லிவிடுகிறேன். என்சைம் வரிசைக்கு அவர்கள் கொடுக்கும் முதலெழுத்துச் சூத்திரங்கள் பரீட்சை வாரத்தில் உதவுகின்றன, சில மாதத்தில் மறந்துபோகின்றன. வரைந்து படித்த படிகள் அப்படியே நிற்கின்றன. தமிழில் நடத்துபவர்களில் சிலர் உண்மையிலேயே அருமை. வேலை முடிந்து அஸ்தம்பட்டி பஸ்ஸில் நின்றுகொண்டு காதில் கேட்டாலே கதை பிடிபட்டுவிடும். ஆனால் கட்டமைப்பையும் ஆற்றல் கணக்கையும் தொட்டு நடத்துபவர்கள் தமிழில் இன்னும் நிறையப் பேர் வர வேண்டும். இப்போதைக்கு என் வழி, தமிழில் ஒருமுறை கதையாகக் கேட்டுவிட்டு, என்.பி.டி.இ.எல்.லில் எழுதிக்கொண்டே பார்ப்பது. ஆங்கில உச்சரிப்பு சிரமமாக இருந்தால் சப்டைட்டிலை ஓடவிடலாம்.

பைருவேட் கைனேஸின் கட்டுப்பாடு ஓரளவு எல்லா வகுப்பிலும் வந்துவிடுகிறது. ஃபிரக்டோஸ் 1,6-பிஸ்பாஸ்பேட் அதைத் தூண்டும், ஏ.டி.பி.யும் (ATP) அலனின் என்ற அமினோ அமிலமும் அடக்கும். இந்த என்சைம் பிறவியிலேயே குறைவாக இருப்பவர்களின் ரத்தசோகையைப் பற்றி நடத்தினால் தவறாமல் பாருங்கள். சிவப்பணுவுக்கு மைட்டோகாண்ட்ரியா கிடையாது, கடைசிப் படி தடுமாறினால் அதற்கு வேறு வருமானம் இல்லை. செல் சீக்கிரம் சிதைகிறது. அதே சமயம் மேலே தேங்குவதில் 2,3-பிஸ்பாஸ்போகிளிசரேட்டும் கூடுவதால், ஹீமோகுளோபின் ஆக்சிஜனைத் தாராளமாக விட்டுக்கொடுக்கிறது. ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் அவ்வளவு குறைவாக இருந்தும் ஆள் எப்படி நடமாடுகிறார் என்பதற்கு எட்டாவது படியில் பதில் இருக்கிறது.

எந்த ஆன்லைன் வகுப்பிலும் எனக்குக் கிடைக்காத ஒன்று, பைருவேட் உண்டாவதை எப்படி அளக்கிறார்கள் என்பது. பைருவேட் நிறமில்லாதது, கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கூடவே லாக்டேட் டீஹைட்ரஜனேஸ் என்ற என்சைமையும், 340 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் என்.ஏ.டி.ஹெச்.சையும் சேர்த்துவிட்டால், உண்டாகும் ஒவ்வொரு பைருவேட்டும் லாக்டேட்டாக மாறும்போது ஒரு என்.ஏ.டி.ஹெச். தீரும். 340 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சுவது குறையும் வேகத்தைப் பார்த்தால் பைருவேட் கைனேஸ் எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும். இது அன்றாடம் கல்லீரல் பரிசோதனையான எஸ்.ஜி.பி.டி. பார்க்கும் எந்த லேப் டெக்னீஷியனுக்கும் பழகிய வேலை. அங்கே அலனினிலிருந்து பைருவேட் வருகிறது, மற்றபடி அதே லாக்டேட் டீஹைட்ரஜனேஸ், அதே 340 ஃபில்டர். இதை எங்கள் அனலைசர் முன்னால் நிறுத்தித்தான் அந்தப் பெண்ணுக்குக் காட்டினேன். நிமிடத்துக்கு நிமிடம் அப்சார்பன்ஸ் இறங்குவதை அவள் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள்.